டிடிஎஸ் மீட்டரா, ஸ்ட்ரிப்பா, சொட்டு கிட்டா?

கடல் மீன் தொட்டி வைப்பவர்கள் தண்ணீரை எதை வைத்துச் சோதிப்பது? உப்பு கலக்கும் முன், தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரே பெரும்பாலும் போதும். கலந்த பிறகு அது வேலைக்கு ஆகாது: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது 35,000 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு); பேனா மாதிரி மீட்டரோ பெரும்பாலும் 9,990 பிபிஎம்மோடு நின்றுவிடும். அங்கே போட்டி, தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்புக்கும், மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சொட்டு கிட்டுக்கும்தான்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு நாக்குக்கே தெரியும். 1,000 பிபிஎம் உள்ளே போனால், 95 சதவீதம் தடுக்கும் ஆர்ஓ மெம்பிரேன் 50ஐ வெளியே விடும். அதை 0 ஆக்குவது, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின். 2, 3 என்று ஏற ஆரம்பித்தாலே ரெசினை மாற்றிவிடுங்கள். சமையலறை ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ருசிக்காக டிடிஎஸ் அட்ஜஸ்டர் வழியாகச் சுத்திகரிக்காத தண்ணீரையே கொஞ்சம் கலக்கும்படி அந்த மெஷினில் வைத்திருப்பார்கள். மெம்பிரேனை ஒட்டி, அட்ஜஸ்டருக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்னால் ஒரு T வடிவ இணைப்பு போட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள்.

மீட்டர் காட்டிக்கொடுக்காதவை இரண்டு. ஒன்று குளோரின்: தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில், கார்பன் ஃபில்டரைத் தாண்டி வரும் தண்ணீரில் ஆர்த்தோடொலிடின் (குளோரின் சோதிக்கும் மருந்து) சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், மஞ்சளித்தால் ஃபில்டர் தீர்ந்துவிட்டது. இன்னொன்று சிலிக்கா. ரெசின் தளர்ந்ததும் முதலில் நழுவுவது இதுதான். மீட்டர் 0 காட்டும்போதே கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும்.

ஸ்ட்ரிப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். புதுத் தொட்டிக்கு அவசியமான அம்மோனியா சோதனை பல ஸ்ட்ரிப்புகளில் கிடையாது. உவரி மாதிரிக் கடலோர ஊரில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் ஏறி நிறமும் பொய் சொல்லும்.

சொட்டு கிட்டில் ஏபிஐ என்ற பிராண்டை எடுத்துக்கொள்வோம். அம்மோனியாவுக்கு 5 மில்லி தண்ணீர், இரண்டு குப்பியிலிருந்தும் 8 சொட்டு, 5 நிமிடம். உப்புத்தண்ணீருக்கான நிற அட்டையோடுதான் ஒப்பிட வேண்டும். நைட்ரேட்டில்தான் பலரும் கோட்டை விடுவது. 5 மில்லி தண்ணீரில் முதல் குப்பியிலிருந்து 10 சொட்டு விட்டுக் குழாயைக் கவிழ்த்துக் கலக்கவும். இரண்டாவது குப்பியின் மருந்து அடியில் படிந்திருக்கும். அதை 30 விநாடி நன்றாகக் குலுக்கி 10 சொட்டு விட்டு, குழாயை 1 நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் விடவும். குலுக்காமல் விட்டால் நைட்ரேட் 40 பிபிஎம் இருக்கும் தொட்டியும் 5 என்று காட்டக்கூடும். குப்பியைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவாக விழும். குழாயை டிஐ தண்ணீரில் அலசுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் கிட்டை வைத்தால், காலாவதித் தேதிக்கு முன்பே மருந்து கெடும்.

பாஸ்பேட்டில் மட்டும் சொட்டு கிட்டும் தோற்கும். அட்டையில் 0க்கு அடுத்த நிறம் 0.25 பிபிஎம், பவளத்துக்குப் பார்க்க வேண்டியதோ 0.1க்குக் கீழே. அதற்கு, நிறத்தை ஒளியால் அளந்து எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் போட்டோமீட்டர் வேண்டும். மீன் மட்டும் வளர்ப்பவர்கள் அந்தச் செலவை உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் போடலாம், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்து.