டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024: மாறலாமா, பழசே போதுமா?

எங்கள் குழுவில் ஃபைட்டர் என்ற போர்வீரன் பாத்திரம் ஆடும் நண்பன் நான்கு வருஷமாக ஒவ்வொரு சண்டையிலும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "கோடாரியால அடிக்கிறேன்." அடுத்த சுற்றில், "மறுபடி அடிக்கிறேன்." விசார்ட் ஆடுபவர் ஐந்து நிமிஷம் யோசித்து எந்த மந்திரத்தை எங்கே போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது இவன் கைப்பேசியில் ஸ்கோர் பார்ப்பான், கூப்பிட்டால் "என் டர்னா மச்சி?" என்று நிமிர்ந்து பகடையை உருட்டிவிட்டு மறுபடி குனிந்துவிடுவான். 2024 புத்தகத்துக்கு மாறுவதா வேண்டாமா என்ற பஞ்சாயத்தை எங்கள் மேசையில் பாதி தீர்த்து வைத்தவன் அவன்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. ஐம்பதாவது வருஷமான 2024-ல் அதையே திருத்திப் புதுசாகப் போட்டார்கள். ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை, பழைய சாகசப் புத்தகங்களோடு சேர்த்து ஆடலாம் என்றார்கள். ஆடுபவர்களும் பேச்சுவழக்கில் அஞ்சரை என்றே சொல்கிறார்கள். 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது ஆட்டத்தின் எலும்பையே மாற்றினார்கள், பிடிக்காதவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டின் பக்கம் போனார்கள். இது அந்த மாதிரிப் பிரளயம் இல்லை. அதே வீடுதான், சுவரை இடிக்காமல் வயரிங்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், சில ஸ்விட்ச் இருந்த இடத்தில் இல்லை.

மொத்தம் மூன்று புத்தகங்கள். ஆடுபவருக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில் வந்தது, டிஎம் கைடு நவம்பரில், மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில். ஒவ்வொன்றும் 384 பக்கம், 49.99 டாலர். ரூபாயில் கணக்குப் போட்டாலே ஒரு புத்தகம் 4,000-ஐத் தாண்டுகிறது. அதனால் இந்தக் கேள்வியை "எந்தப் பதிப்பு உசத்தி" என்று கேட்பதைவிட, "இந்தக் காசுக்கு என் மேசையில் யாருக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்பதுதான் சரி என்பது என் கட்சி.

நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து முதலில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்றே ஒன்று வாங்கினோம். ஓடிக்கொண்டிருந்த காம்பெயினை, அதாவது பல நாள் தொடரும் கதையை, அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, டிஎம்மான நான் லெவல் 3 பாத்திரங்களை வைத்து ஒரே நாளில் முடிகிற சின்ன சாகசம் ஒன்றைப் போட்டேன். மலைப்பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். எங்களிடம் பொம்மைகள் கிடையாது, சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு கேரம் காய்களைத்தான் எதிரிகளாக வைப்போம், சிவப்புக் காய் எப்போதும் தலைவன். நம்ம ஃபைட்டரிடம் இந்த முறை போர்ச் சுத்தியல். புது விதிப்படி ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வித்தை உண்டு, வெப்பன் மாஸ்டரி என்று பெயர். சுத்தியலால் அடி விழுந்தால், எதிரி ரொம்பப் பெரிய உருவமாக இல்லாவிட்டால், நேராகப் பத்து அடி தள்ளிவிடலாம். தப்பிக்க அவன் பகடை உருட்டக்கூட முடியாது. எங்கள் வரைபடத்தில் பத்து அடி என்றால் இரண்டு கட்டம்.

அவன் டர்ன் வந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து நின்று படத்தைப் பார்த்தான். "அந்தச் சிவப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவுல எத்தனை கட்டம்?" என்று கேட்டான். ஒன்று என்றேன். பாறைப் பக்கமாக நகர்ந்து, சுத்தியலால் ஓங்கி, பகடையில் 17. நான் ஒரு வாரமாக உட்கார்ந்து எழுதிய வில்லன், வசனம் எல்லாம் வைத்திருந்தேன், இரண்டாவது சுற்றிலேயே பள்ளத்தில் போய்ச் சேர்ந்தான். நான்கு வருஷத்தில் முதல் முறையாக அந்த ஆள் தன் டர்னுக்காகக் காத்திருந்தான்.

இதே மாதிரி நீண்ட வாளால் அடித்தால் எதிரியின் அடுத்த அடி தடுமாறும், இரண்டு கைப் பெருவாள் குறி தவறினாலும் கொஞ்சம் கீறல் விழும், சண்டைக் கோடாரியாக இருந்தால் எதிரியைக் குப்புறத் தள்ளலாம். ஃபைட்டருக்கு முதல் லெவலிலேயே மூன்று ஆயுதங்களின் வித்தை கிடைக்கிறது, அதனால் ஆயுதங்களை மாற்றி மாற்றி எடுக்கிறான். மந்திரம் தெரியாதவர்களுக்கு இத்தனை வருஷம் கழித்து யோசிக்க ஒரு காரணம் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பதிப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. லெவல் 5-லிருந்து ஒரு டர்னுக்கு இரண்டு அடி. கோடாரி என்றால் ஒவ்வொரு அடி விழும்போதும் எதிரி விழுந்தானா நின்றானா என்று டிஎம் தனியாக ஒரு பகடை உருட்ட வேண்டும். யார் குப்புறக் கிடக்கிறான், யாருக்கு வேகம் குறைந்திருக்கிறது, யாருடைய அடுத்த அடி தடுமாறும், இதெல்லாம் ஐந்து காய்களுக்கும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நான் காய்களுக்கு மேல் பொட்டுக்கடலை வைக்க ஆரம்பித்தேன், பாதியை ஆட்கள் தின்றுவிட்டார்கள். சண்டைகள் முன்பைவிட நீளம்தான், சந்தேகமே வேண்டாம்.

சின்னச் சின்னத் திருத்தங்கள் நிறைய, பெரும்பாலும் நல்லவை. காயம் ஆற்றும் மருந்தைக் குடிக்க, டர்னில் கூடுதலாகச் செய்ய முடிகிற சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும், இதைப் பாதி மேசைகள் ஏற்கெனவே சொந்த விதியாக வைத்திருந்தார்கள். காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரம் முன்பு ஒரே ஒரு எட்டு முகப் பகடை, இப்போது இரண்டு, கிளெரிக் என்ற பூசாரி பாத்திரம் ஆடும் தங்கைக்கு அவ்வளவு சந்தோஷம். களைப்பு விதி முன்பு ஆறு படிகள் கொண்ட அட்டவணை, யாருக்கும் மனப்பாடம் ஆனதில்லை. இப்போது ஒவ்வொரு படிக்கும் 20 முகப் பகடையில் 2 கழித்துக்கொள், வேகத்தில் 5 அடி கழித்துக்கொள், ஆறாவது படியில் சாவு, அவ்வளவுதான். எல்லா கிளாஸுக்கும், அதாவது ஃபைட்டர், விசார்ட் மாதிரியான பாத்திர வகைகளுக்கும், உட்பிரிவான சப்கிளாஸ் மூன்றாவது லெவலில்தான். புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் விதிகளின் அகராதி ஒன்று வைத்திருக்கிறார்கள், பழைய புத்தகத்தில் ஒரு விதியைத் தேடி அலைந்தவர்கள் அதற்காகவே காசு கொடுக்கலாம். ஒளிந்துகொள்ளும் விதியை மட்டும் ஏன் இப்படிக் குழப்பினார்கள் என்று புரியவில்லை. ஒளிந்தால் 'கண்ணுக்குத் தெரியாதவர்' ஆகிவிடுகிறீர்கள், சரி, அப்புறம் எதிரி தூணைச் சுற்றி வந்து முகத்துக்கு நேரே நின்றால்? அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இனி அழுதவர்கள் கதை. பாலடின் என்ற புனித வீரன் பாத்திரம் ஆடுபவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பழைய விதியில் அடி விழுந்த பிறகு, அதுவும் இருபது விழுந்தது என்று பார்த்த பிறகு, கையில் இருக்கும் ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போடும் வாய்ப்பை, எடுத்து அடியின் மேலே ஊற்றலாம், அதுதான் டிவைன் ஸ்மைட். ஒரே டர்னில் இரண்டு முறைகூட. புது விதியில் அது ஒரு மந்திரம், போனஸ் ஆக்‌ஷன் செலவாகும், ஆகவே டர்னுக்கு ஒன்றுதான். எதிரி மந்திரவாதி அதைத் தடுக்கவும் முடியும். "எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதான்டா, அதையும் புடுங்கிட்டாங்க" என்றார் அண்ணன். நியாயமாகப் பார்த்தால் அவருக்கு வேறு நிறையக் கொடுத்திருக்கிறார்கள், கை வைத்துக் குணமாக்குவது இப்போது போனஸ் ஆக்‌ஷன், ஐந்தாவது லெவலில் குதிரை இலவசமாக வருகிறது. டிஎம்மாக எனக்கு இந்த மாற்றம் பிடித்தே இருக்கிறது, ஒவ்வொரு பெரிய வில்லனும் அவர் கையில் ஒரே சுற்றில் பஸ்பமாவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆனால் ஒருவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது வேறு, முதலிலேயே கொடுக்காமல் இருப்பது வேறு.

ரேஞ்சர் ஆடுபவரின் வருத்தம் இன்னும் நியாயமானது. எதிரியைக் குறிவைத்துக் கூடுதல் அடி கொடுக்கும் ஹண்டர்ஸ் மார்க் என்ற ஒரே மந்திரத்தின் தலையில் அந்த கிளாஸின் பாதியைக் கட்டிவிட்டார்கள். இலவசமாகச் சில முறை போடலாம், நல்லது. ஆனால் அதற்கு இன்னும் கான்சென்ட்ரேஷன், அதாவது ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தின் மேல் மட்டும் வைக்க முடிகிற கவனம், வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ரேஞ்சரின் மற்ற நல்ல மந்திரங்களில் பலவற்றைத் தொட முடியாது. இருபதாவது லெவல் வரை கஷ்டப்பட்டு ஏறினால் பரிசாக அந்த மார்க்கின் ஆறு முகப் பகடை பத்து முகப் பகடையாகிறது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டால் பதில் இல்லை. மாங்க் என்ற சண்டைத் துறவி ஆடுபவர்களுக்கு நேர் எதிர், பழைய மாங்க் பக்கத்தில் புது மாங்கை வைத்தால் தம்பியும் அண்ணனும் மாதிரி இருக்கிறது. உங்கள் மேசையில் மாங்க் இருந்தால் யோசிக்காமல் மாறுங்கள்.

இன்னொரு எரிச்சல். பலம், அறிவு மாதிரியான எண்களில் கூடுதல் புள்ளிகள் முன்பு இனத்தைப் பொறுத்து வந்தன, இப்போது பாத்திரத்தின் பழைய வாழ்க்கையான பேக்கிரவுண்டைப் பொறுத்து. யோசனை நல்லதுதான். ஆனால் ஹேண்ட்புக்கில் இருக்கும் பதினாறு பேக்கிரவுண்டில் ஒன்றும் பொருந்தாமல், சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்றால் அதற்கான வழி டிஎம் கைடில் இருக்கிறது. அதாவது என் பாத்திரம் பரிசல் ஓட்டியாக இருந்தவன் என்று எழுத இரண்டாவது புத்தகம் வேண்டும்! நாங்கள் அதை மதிக்கவில்லை, புள்ளிகளை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

டிஎம் கைடைப் பற்றிச் சுருக்கமாக. புதிதாகக் கதை நடத்த வருபவர்களுக்கு 2014 புத்தகத்தைவிட இது பத்து மடங்கு மேல், முதல் பக்கத்திலிருந்தே மேசையை எப்படி நடத்துவது என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறது, கிரேஹாக் என்ற கற்பனை உலகத்தையும் கூடவே தருகிறது. ஆடுபவர்கள் ஐந்தாவது லெவலில் சொந்தக் கோட்டை கட்டிக்கொள்ளும் விதியும் இருக்கிறது. ஆனால் சொந்தமாக ராட்சசர்களை அடிப்படையிலிருந்து உருவாக்கும் கணக்கு பழைய கைடில் இருந்தது, இதில் இல்லை. நான் பல வருஷமாக நடத்துகிறவன், எனக்குத் தேவைப்பட்டது அதுதான். பழைய கைடு இன்னும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

மான்ஸ்டர் மேனுவல் எனக்கு எதிர்பாராத சந்தோஷம். ஐநூறுக்கு மேல் ஜீவராசிகள், தூய அகரவரிசை, சிவப்பு டிராகன் வேண்டுமென்றால் டிராகன் என்று தேடக்கூடாது, சிவப்பு என்றுதான் தேட வேண்டும், பழகக் கொஞ்ச நாள் ஆகும். பெரிய ராட்சசர்கள் நிஜமாகவே பெரிய ராட்சசர்களாக அடிக்கிறார்கள். ஓநாய் கடித்தால் முன்பு ஆள் விழாமல் இருக்கப் பகடை உருட்டலாம், இப்போது கடி விழுந்தால் ஆளும் விழுந்தான். ஃபைட்டர் என் வில்லனைப் பகடை வாய்ப்பே இல்லாமல் பள்ளத்தில் தள்ளியதற்கு நான் ஓநாய்க் கூட்டத்தை அனுப்பிப் பதில் சொன்னேன், கணக்கு நேராகிவிட்டது.

இரண்டு பதிப்புகளையும் கலந்து ஆடலாம் என்பது பாதி உண்மை. பழைய சாகசப் புத்தகத்தை எடுத்து, அதில் வரும் ராட்சசர்களுக்குப் புது எண்களைப் போட்டு ஓட்டினேன், எங்கும் இடிக்கவில்லை. ஒரே மேசையில் ஒருவர் பழைய பாத்திரம், ஒருவர் புதுப் பாத்திரம் என்பதுதான் தலைவலி. ஒரே பெயரில் இரண்டு மந்திரம், இரண்டு விளைவு. ஒரு நாள் அண்ணன் செத்துக்கொண்டிருக்கிறார், தங்கை அவசரத்தில் பழைய தாளைப் பார்த்து ஒரே பகடையை உருட்டிவிட்டாள், விழுந்தது 1. "அண்ணா, எந்த புக்?" என்று என்னைப் பார்த்தாள். மேசை முழுக்க வக்கீல்கள். இதனால்தான் சொல்கிறேன், மாறினால் எல்லோரும் ஒரே நாளில் மாறுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் காம்பெயின் முடியும் தறுவாயில் இருந்தால் முடியட்டும், அதன் வயிற்றைக் கிழிக்காதீர்கள்.

காசு போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 2025 ஏப்ரலில் புது விதிகளின் அடிப்படைத் தொகுப்பை, எஸ்ஆர்டி 5.2 என்று பெயர், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். பன்னிரண்டு கிளாஸும் தலா ஒரு சப்கிளாஸோடு இருக்கின்றன, ஆயுத வித்தைகளும் இருக்கின்றன. 2023 ஜனவரியில், மற்றவர்கள் இந்த விதிகளை எடுத்தாள அனுமதித்த பழைய உரிமத்தைப் பதிப்பகத்தார் மாற்றப் பார்க்க, உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, பதிப்பகத்தார் பின்வாங்கிய கதை நடந்திருக்காவிட்டால் இது இவ்வளவு தாராளமாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அதை இறக்கி, லெவல் 5-ல் இரண்டு சண்டை ஆடிப் பாருங்கள். உங்கள் ஃபைட்டர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் ஹேண்ட்புக் ஒன்றை எல்லோரும் பங்கு போட்டு வாங்குங்கள். டிஎம்முக்குக் கையில் காசிருந்தால் அடுத்தது மான்ஸ்டர் மேனுவல். பழைய கைடு வைத்திருப்பவர்கள் புதுக் கைடுக்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் குழுவில் எல்லோரும் மந்திரவாதிகள், கதை பேசுவதுதான் முக்கியம், மாதத்துக்கு ஒரு சண்டை நடந்தாலே அதிகம் என்றால் பழசிலேயே இருங்கள், ஒரு குடியும் முழுகாது.

எங்கள் மேசை மாறிவிட்டது. நிறுத்தி வைத்த காம்பெயினை மறுபடி எடுத்தோம், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களையும் புது விதிக்கு எழுதினோம். அண்ணன் மட்டும் பேனாவைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம், இருபது விழுந்தால் மட்டும் ஸ்மைட் பழைய கணக்கில், போனஸ் ஆக்‌ஷன் கேட்க மாட்டேன். போன வாரம் அவருக்கு இருபது விழுந்தது. கேரம் சிவப்புக் காய் இன்னும் சோபாவுக்கு அடியில்தான் கிடக்கிறது.