240 எம்எம் லிக்விட் கூலர்: ரேடியேட்டரை மேலே மாற்றிய பிறகு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் கம்ப்யூட்டருக்கு வாங்கிய கூலர், பிராசஸரின் சூட்டைத் திரவத்தை ஓடவிட்டுத் தணிப்பது. நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் ரேடியேட்டரை, அதாவது அந்தத் திரவத்தின் சூட்டை வெளியேற்றும் பகுதியை, கேபினட்டின் அடியில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் பிராசஸர் மேல் உட்காரும் பம்பிலிருந்து கொடகொடவென்று சத்தம். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று உயரமான இடத்துக்குத்தான் ஏறும். அடியில் மாட்டினால் அந்த இடம் பம்ப்தான்.

முன்பக்கம் மாட்டலாம், பம்பைவிட ரேடியேட்டரின் மேல்முனை உயரமாக இருந்தால் போதும். ஆனால் காற்றை உள்ளே இழுக்கும்போது ரேடியேட்டரின் சூடு கிராஃபிக்ஸ் கார்டு மேல் அடிக்கும். நான் கேம் விளையாடுகிறவன், எனக்கு அது சரிப்படாது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றி மேலே மாற்றினேன். தடிமனில் ரேடியேட்டர் 27, ஃபேன் 25, மொத்தம் 52 எம்எம். ராம் மெமரிக்கும் ஃபேனுக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையவில்லை, ஆனாலும் பொருந்திவிட்டது. அன்றிரவே சத்தம் நின்றது.