கார் யூஎஸ்பி போர்ட்டை ‘65 வாட்’ ஆக்கித் தருகிறோம் என்றால் வயரில் கை வைக்க விடாதீர்கள்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். குமுளியைத் தாண்டி கோட்டயம் போகிற ரோட்டில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் எனக்கு நடந்தது இது. பணம் போனதைவிட, ஓடுகிற வண்டியின் வயரிங்கை வெட்டி வைத்திருந்தார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னுடையது கம்பத்திலிருந்து நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கும் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கும் வாடகைக்கு ஓடுகிற ஏழு சீட்டர். மேப், கஸ்டமர் பேச்சு, யுபிஐ எல்லாம் ஒரே போனில்தான். மலைப்பாதையில் டவர் தேடித் தேடியே பேட்டரி இறங்கிவிடும். வண்டியோடு வந்த யூஎஸ்பி போர்ட்டில் போட்டு வைத்தாலும், குட்டிக்கானம் போய்ச் சேர்வதற்குள் ஏறியிருக்க வேண்டிய சார்ஜ் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

இதைச் சொன்னதும் கடைக்காரர், “அண்ணே, கம்பெனி போர்ட்டையே ஃபாஸ்ட் ஆக்கித் தர்றேன். 65 வாட். வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது, வயரைத் தொடவே மாட்டோம்” என்றார். 1,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. மாட்டிய போர்ட்டின் முகத்தில் ‘65W’ என்று பெரிதாகப் போட்டிருந்தது, சுற்றி நீல விளக்கு.

அன்று ராத்திரியே ஏர்போர்ட்டிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது முண்டக்கயம் தாண்டி போன் அணைந்துவிட்டது. போர்ட்டில் செருகியபடியே அணைந்தது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய். வழி எனக்குத் தெரியும், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் அவர்களை அழைத்துப்போகக் குமுளியில் காத்திருந்தவர்களுக்கு, வண்டி எங்கே வருகிறது என்று சொல்ல வழியில்லாமல் போனது. அந்தம்மா எவ்வளவு பதறிப்போனார் என்பதைப் பார்த்தவன் நான்.

மறுநாள் கடைக்குப் போனேன். “உங்க போன்ல கோளாறு” என்றார்கள். அப்புறம் “கேபிள் சரியில்ல” என்று 450 ரூபாய்க்குப் புதுக் கேபிள் ஒன்றை விற்றார்கள். அதிலும் மாற்றமில்லை. கடைசியில் சுவரைக் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.

கம்பத்தில் மொபைல் சர்வீஸ் செய்கிற தம்பி ஒருவரிடம் கைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி மீட்டர் இருக்கிறது. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டிவிடும். அந்த ‘65 வாட்’ போர்ட்டில் வைத்துப் பார்த்தோம்: 5.02 வோல்ட், 0.94 ஆம்பியர். பெருக்கினால் 5 வாட் கூட இல்லை. அதே போன், அதே கேபிள், வீட்டு சார்ஜரில் 9 வோல்ட்டுக்கு ஏறி 20 வாட்டைத் தொட்டது. போனிலும் கோளாறு இல்லை, கேபிளிலும் இல்லை.

பிறகு டேஷ்போர்டு மூடியைக் கழற்றினோம். யூஎஸ்பியில் சிவப்பும் கருப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. பச்சை, வெள்ளை இரண்டையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி உள்ளே திணித்திருந்தார்கள். போனின் மேப்பை வண்டித் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு ஆட்டோ, இந்தப் போர்ட் மாட்டியதிலிருந்து ஏன் செத்துப்போனது என்று அப்போதுதான் புரிந்தது. கரண்டுக்கு ஸ்டீரியோவுக்குப் பின்னால் போகிற சாவியை எடுத்தாலும் கரண்ட் நிற்காத நேரடி லைன் வயரைச் சீவி அதில் சுற்றியிருந்தார்கள். சாலிடர் இல்லை, தனி ஃப்யூஸ் இல்லை. இன்சுலேஷன் டேப் இளகி, பசை வழிந்து, பக்கத்து வயர்களில் ஒட்டிக் கிடந்தது. தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. குடும்பங்களை ஏற்றுகிற வண்டி இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வண்டியோடு வருகிற யூஎஸ்பி போர்ட், முக்கியமாக ஸ்டீரியோவோடு பேசுகிற போர்ட், பாட்டுக்கும் மேப்புக்கும் வைத்தது. பழைய யூஎஸ்பி 2.0 கணக்கில் 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 4.5 வாட். சில வண்டிகளில் ஒன்றரை ஆம்பியர் வரை கொடுப்பார்கள், 7.5 வாட். திரையும் ஜிபிஎஸ்ஸும் நெட்டும் ஓடுகிற போன் அதைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் பேட்டரிக்குத் தரும். புது வண்டிகளில் டைப் சி போர்ட் இருந்தாலும் அது 5 வோல்ட், 3 ஆம்பியரோடு 15 வாட்டில் நின்றுவிடலாம். மேனுவலைப் பாருங்கள். ஃபாஸ்ட் சார்ஜ் என்பது போனும் சார்ஜரும் பேசிக்கொண்டு வோல்ட்டையோ ஆம்பியரையோ உயர்த்துகிற ஏற்பாடு. அந்தப் பேச்சு தெரியாத போர்ட்டின் முகத்தை மட்டும் மாற்றி என்ன எழுதினாலும் 5 வோல்ட் 5 வோல்ட்தான்.

வேகம் வேண்டுமென்றால் வயர் எதையும் வெட்ட வேண்டியதில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட் இருக்கிறது. பல வண்டிகளில் அதன் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட் என்று போட்டிருக்கும். அதில் செருகுகிற நல்ல அடாப்டர் போதும். வாங்கும்போது முகப்பில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று போர்ட்டையும் கூட்டித்தான் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தில் ‘பிடி’ (PD, அதாவது பவர் டெலிவரி என்கிற ஃபாஸ்ட் சார்ஜ் முறை) என்றும், 9 வோல்ட் 3 ஆம்பியர் என்றும் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். சாம்சங்கின் 25, 45 வாட் வேகத்துக்கு ‘பிபிஎஸ்’ (PPS, வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தருகிற பிடி வகை) என்ற வரியும் வேண்டும். ஒன்பிளஸ், ஓப்போ போன்களின் முழு வேகம் அவர்கள் முறைக்கு ஒத்த சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் வரும். இன்னொன்று, கண்ணாடி ஓரம் வெயிலில் போனை மாட்டி வைத்தால் சூடேறி போனே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்.

பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு, இவை பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

‘கடை கேரளாவில், நாம் இங்கே, என்ன செய்ய முடியும்’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படி விட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. சுவரில் எழுதி வைத்துவிட்டால் அந்த உரிமை போய்விடாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். நான் யுபிஐ ரசீது, துண்டுச் சீட்டு, மீட்டர் படம், வெட்டிய வயரின் படம் எல்லாம் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். கடை இறங்கி வராவிட்டால் தேனியில் வழக்குப் போடுவேன்.

இதே மாதிரி நீல விளக்கு போர்ட் மாட்டியவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது நேரடி லைனில் சுற்றியது. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் மூடியைக் கழற்றி, ஃப்யூஸ் இருக்கிறதா, டேப் இளகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் போர்ட்டில் எதையும் செருகாதீர்கள்.