புதுவண்ணாரப்பேட்டை ஆயா கடை: துணி இட்லியும் ஒரு பெஞ்சும்

பெயர்ப் பலகை கிடையாது. வடசென்னையில் தெருவுக்கு ஓர் ஆயா கடை உண்டு என்பதால் அடையாளம் சொல்லிவிடுகிறேன். புதுவண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால், டி.எச். ரோட்டிலிருந்து கடல் பக்கம் பிரியும் சந்துகளில் ஒன்று. வாசலில் நீல டிரம், அதன்மேல் கவிழ்த்து வைத்த அலுமினியக் குண்டான், திண்ணையை ஒட்டி ஒரு மர பெஞ்சு. காலை ஆறு மணிக்கு முதல் ஈடு இறங்கும். ஒன்பதரைக்கு மாவு தீர்ந்துவிடும். 2019-இல் இந்தப் பக்கம் குடிவந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாளாவது அங்கேதான் எனக்குக் காலைச் சாப்பாடு.

கடையை நடத்துவது இரண்டு பேர். பெரிய ஆயா அடுப்பில், சின்ன ஆயா பரிமாறவும் காசு வாங்கவும். சின்ன ஆயா பெரிய ஆயாவுக்கு நாத்தனார்.

இட்லியைப் பற்றி முதலில். துணி போட்டு வேகவைப்பது. தட்டைக் கவிழ்த்து, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பார் ஆயா. இட்லியின் முதுகில் துணியின் இழை அப்படியே பதிந்திருக்கும். வடகறி அந்த இழைக்குள்தான் இறங்கும். பல கடைகளில் முந்தின நாள் மிஞ்சிய மசால்வடையை உதிர்த்துப் போடுவதுதான் வடகறி. இங்கே கடலைப்பருப்பைக் காலையிலேயே கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்துப் போடுகிறார்கள். சோம்பும் பட்டையும் தூக்கலாக, கடைசியில் புதினா. காரம் நாக்கில் இல்லாமல் தொண்டையில் தெரியும். இட்லி 6 ரூபாய், வடகறி ஒரு கரண்டி 15. நான்கு இட்லியும் ஒரு வடகறியும் மதியம் ஒன்றரை வரை தாங்கும்.

முந்தின நாள் வைத்த மீன் குழம்பு இருந்தால் கேட்டு வாங்குங்கள். காசிமேட்டிலிருந்து வரும் காரப்பொடி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும். அப்போது கருவாட்டுக் குழம்புதான். எனக்கு அதுவே இன்னும் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. எட்டரைக்கு மேல் சட்னியில் தேங்காயைத் தேட வேண்டும், முழுக்கப் பொட்டுக்கடலை. கை கழுவ ஒரு குவளைதான், கழுவும் இடம் கால்வாய் ஓரம். மழை பெய்தால் கடை இல்லை. பெஞ்சின் ஒரு கால் குட்டை, அடியில் செங்கல் துண்டு வைத்திருக்கிறார்கள். அது நகர்ந்தால் நான்கு பேரின் சாம்பாரும் மடியில்தான்.

ஆனால் அந்த பெஞ்சுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காலையில் அதில் ஒரு தினசரி கிடக்கும். ஆட்டோ ஓட்டும் அண்ணன் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா, மாநகராட்சியில் தூய்மை வேலை செய்யும் அக்கா, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், மீன் கூடையோடு வந்துபோகும் பெண்கள். மெட்ரோ வாட்டர் லாரி ஏன் வரவில்லை, எந்தத் தெருவில் கரன்ட் போனது, யார் மகளுக்கு என்ன சீர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்துக்குப் பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது, ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. மீன்காரப் பெண் கறுத்த வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பெஞ்சிலேயே போட்டார். இரண்டு நாள் அந்த வாசனை போகவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 18. முந்தின நாள்தான் ஒரே பாலினத்தவர் கல்யாண வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அண்ணன் பேப்பரை விரித்துத் தலைப்பைப் படித்துவிட்டு, "கரீக்டா சொல்லிக்கிறாங்கபா. பொம்பளையும் பொம்பளையும் கட்டிக்கினா அது இன்னா கல்யாணம்?" என்றார். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். நானும் என்னோடு வாழும் இவளும் முந்தின இரவு தூங்கவில்லை. இவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தாள். பார்சல் வாங்கத்தான் நான் வந்திருந்தேன்.

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான்கு வருடம் அப்படித்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "அண்ணா, அந்தக் கேசு என்னைப் பத்தினது. என்கூட வருதே, அது ஃப்ரெண்டு இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடும்பம் நடத்தறோம்" என்றேன்.

அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய ஆயா திரும்பிப் பார்த்து முதலில் கேட்டது: "வாடகை யாரு கட்றது?"

"பாதிப் பாதி, ஆயா."

"ஊட்ல தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும். பேசறதில்ல."

"சரி, குந்து. துன்னுட்டு சொல்லு. நின்னுக்கினு சொல்ற கதையா இது?"

சொன்னேன். பாரிமுனையில் கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி போடுகிற கைக்கு விவரம் விட்டுப்போகாமல் சொல்லும் பழக்கம் உண்டு. ஐந்து நீதிபதிகளும் கல்யாணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் போடவேண்டியது பாராளுமன்றம் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் என்ற பெயர் இல்லாமலாவது சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றவர்கள் இரண்டு பேர், முடியாது என்றவர்கள் மூன்று பேர். அதற்கு ஐந்து வருடம் முன்பு வரை, 2018 செப்டம்பர் 6 வரை, எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்கும் 377 என்று ஒரு பிரிவு இருந்தது. அது 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்.

"அப்ப அது நம்ம ஊரு சட்டமே இல்லியா?" என்றார் அண்ணன். இதுதான் அவரை உறுத்தியது. இன்றைக்கும் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் அவர் ஆரம்பிப்பது 1860-இலிருந்துதான்.

தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டம் கெடக்கட்டும்மா. கல்யாணம்னா புள்ளகுட்டி, குலம்னு வரணும். எம்மனசு ஏத்துக்கல" என்றார். குரலை உயர்த்தவில்லை, எழுந்து போகவுமில்லை. நான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். இவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது, இவள் வேலை பார்க்கிற இடமில்லை, வேறு ஓர் ஆஸ்பத்திரி, நோயாளிக்கு என்ன உறவு என்று ஃபாரத்தில் கேட்டிருந்தது. "அக்கா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொய்யைப் போட்டபோது கை நடுங்கியது. கண்டுபிடித்தால் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று இரவு முழுக்க வராண்டாவில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை பேசாத தூய்மைப் பணி அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "என் ஊட்டுக்காரன் ஓடிப் போயி பத்து வருசம். எனக்கு கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணசொல்லோ அவன் கையெழுத்த கேட்டாங்க. கூடக் கெடந்தது எங்க தெரு பொம்பள. அவ கையெழுத்து செல்லாதாம்." அன்று எனக்கு ஆபீஸ் அரைமணி நேரம் லேட். பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் வாத்தியார் சரியான சொல் என்னவென்று கேட்டார். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னவற்றைச் சொன்னேன். இந்த ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று யாரும் சிகிச்சை செய்யக்கூடாது என்று தடை விதித்தது அந்த வழக்கில்தான். தனக்கே இதைப் பற்றித் தெளிவில்லை என்று ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டவர் அவர். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழ்நாடு அரசு தமிழ்ச் சொற்பட்டியலை வெளியிட்டது. "தன்பாலீர்ப்பு" என்றதும் வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன், பால், ஈர்ப்பு என்று பிரித்து, ஆண்பால் பெண்பால் என்று இலக்கணம் நடத்தினார். ஆயாவுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. அவர் எங்களை "ஜோடி" என்கிறார். "எங்கடி உன் ஜோடிய காணோம்?" அண்ணனுக்கு அது "உங்க கேசு". பேப்பரில் ஏதாவது வந்தால் மடித்து எடுத்துவைத்து, "உங்க கேசு வந்துக்கீது பாரு" என்பார்.

அந்த மடித்து வைக்கிற பழக்கம் ஒருமுறை நிஜமாகவே உதவியது. தன்பாலீர்ப்பு ஜோடிகள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை ஏதுமில்லை என்று 2024 ஆகஸ்ட் 28-இல் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. நாங்கள் போன வங்கியில் கவுன்டரில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. "அக்கா தங்கச்சியா? இல்லன்னா எதுக்கு ஜாயின்ட்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த நாள் காலை வாத்தியார் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, தேதியோடு, மணிமணியான கையெழுத்தில் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். மூலையில் ஒரு துளி சாம்பார் பட்டிருந்தது. மூன்றாம் முறை போனபோது கணக்குத் திறந்தது. பாஸ்புக்கில் இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. அதை முதலில் காட்டியது ஆயாவிடம்தான்.

ரேஷன் அட்டையிலும் இப்படி ஜோடியாக வாழ்பவர்களை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது என்றபோது, சின்ன ஆயா சொன்னார்: "எங்க அண்ணனும் செத்துட்டாரு, எம் புருசனும் செத்துட்டாரு. நானும் அண்ணியும் முப்பது வருசமா ஒரே அடுப்பு. ஒரே அடுப்புன்னா ஒரே கார்டு. அதுக்கு மேல இன்னா கேள்வி?" அவர்கள் வாழ்வும் எங்கள் வாழ்வும் ஒன்றல்ல. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் பொய். போன வருடம் இரண்டு கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் தட்டிலிருந்து மற்றவன் எடுத்துச் சாப்பிட்டான், தோளில் கை. பெரிய ஆயாவின் முகம் மாறிவிட்டது. அவர்கள் போனதும், "பொண்ணுங்க சரி, பசங்க இப்டி பண்ணா பாக்க நல்லால்ல" என்றார். எனக்கு அந்த இட்லி இறங்கவில்லை. "அப்ப என்னை மட்டும் ஏன் ஏத்துக்கிட்ட ஆயா? நான் அடங்கி ஒடுங்கி உக்காந்திருக்கறதாலயா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மூன்று நாள் நான் போகவில்லை. நான்காம் நாள், "அந்தப் பசங்களும் வரல, நீயும் வரல" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் கழித்து அவர்கள் திரும்ப வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இன்னா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தட்டா?" என்று கேட்டார் ஆயா. முகத்தில் இன்னும் ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் கேட்டார்.

தாத்தா இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 2025 மே மாதம் நம் உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண் ஒருவரை விடுவித்து, குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. அண்ணன் அதைப் படித்தபோது தாத்தா முழுவதும் கேட்டார். "பொண்ண அடைச்சு வச்சது தப்பு. அது வரைக்கும் சரி" என்றார். அதற்கு மேல் நகரவில்லை. சாம்பார் வாளியை என் பக்கம் நகர்த்திவிட்டார். நாளைக்கும் நாங்கள் வாதாடுவோம். அவரோடு வாதாடாத காலை எனக்குக் காலை மாதிரி இல்லை.

போகிறவர்களுக்கு: சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள், ஜி-பே கிடையாது. சட்னி நன்றாக வேண்டுமென்றால் ஏழரைக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் உண்டு. ஆறரைக்கே வரிசை கட்டிவிடும், தூக்குச் சட்டி கொண்டுபோனால் சின்ன ஆயா எலும்பு பார்த்துப் போடுவார். பெஞ்சில் இடப்பக்கம் உட்காருங்கள். செங்கல் வலப்பக்கக் காலில் இருக்கிறது.