ஆர்.பி.எம். மீட்டர் வாங்குகிறவர்கள் 2850-ல் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கோவை கணபதி பக்கம் சின்னதாக ஒரு பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். அசெம்பிளி முடிந்த பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, தண்ணீர் எவ்வளவு, ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) எத்தனை மீட்டர் என்று பார்த்துத்தான் வெளியே அனுப்புவோம். அந்தப் பெஞ்சுக்கு ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் மீட்டரும் சென்சாரும் பொருத்த 18,500 ரூபாய் கொடுத்தேன். பொருத்தியவர் பக்கத்துப் பட்டறையிலும் இதே மீட்டருக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று நேற்றுத் தெரிந்தது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் ஒரு ஸ்க்ரூ, அதற்கு எதிரே ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே உலோகம் கிட்டே வருவதை உணர்வது). ஸ்க்ரூ கடக்கும்போதெல்லாம் ஒரு பல்ஸ். நான்கு இலக்கத்தில் சிவப்பு எழுத்து பளிச்சென்று எரிந்தது. முதல் நாளே ஒரு குறை கண்ணில் பட்டது. மோட்டார் சத்தம் ஒரே சீராக இருக்க, மீட்டர் மட்டும் 2820, 2880, 2820, 2880 என்று தாவிக்கொண்டே இருந்தது. போனில் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, கரண்ட் ஏறி எறங்குனா மோட்டாரும் அப்படித்தானுங்க ஆடும். சர்டிபிகேட் குடுத்திருக்கேனுங்களே, பாத்தீங்களா?"

பார்த்தேன். 600, 1200, 1800, 2400, 3000 என்று ஐந்து வேகத்தில் சோதித்து, எல்லாவற்றிலும் பிழை 0 என்று சீல் வைத்திருந்தது. நம்பிவிட்டேன்.

நம்பியதால் வந்த நஷ்டத்தைச் சொல்கிறேன். பெஞ்சில் மோட்டார் எந்த வேகத்தில் ஓடியதோ, அதிலிருந்து பம்புக்கு நிர்ணயித்த வேகமான 2880-க்குக் கணக்குப் போட்டுத்தான் நாங்கள் முடிவை எழுதுவோம். தண்ணீரின் அளவு வேகத்தோடு நேராக மாறும். ஹெட் வேகத்தின் வர்க்கத்தோடு மாறும், பவர் வேகத்தின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) மாறும். உண்மையான வேகம் 2850, பெஞ்சில் வந்த ஹெட் 30 மீட்டர் என்றால் திருத்திய ஹெட் 30.6. மீட்டர் 2820 காட்டும் நொடியில் குறித்துக்கொண்டால் அதே பம்புக்கு 31.3 வரும். 2880 காட்டும் நொடியில் குறித்தால் வெறும் 30. எங்கள் பையன் எந்த நொடியில் நிமிர்ந்து பார்க்கிறானோ, அதைப் பொறுத்து பம்பின் தரம் மாறியிருக்கிறது.

மில்லில் இன்ஸ்ட்ருமெண்ட் வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சர்டிபிகேட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, இந்த அஞ்சு நம்பரையும் 60-ஆல வகுத்துப் பாருங்க" என்றார். எல்லாமே மீதியில்லாமல் வகுபட்டன.

அந்த மீட்டர் செய்வது இவ்வளவுதான்: ஒரு விநாடியில் வந்த பல்ஸை எண்ணி 60-ஆல் பெருக்குகிறது. 2850 என்றால் விநாடிக்கு 47.5 சுற்று. அரைப் பல்ஸை எண்ண முடியாதே. ஒரு விநாடியில் 47 வரும், அடுத்ததில் 48 வரும். பெருக்கினால் 2820, 2880. இடையிலுள்ள எந்த எண்ணையும் அதனால் காட்டவே முடியாது. சர்டிபிகேட்டுக்கோ பிழையே தெரியாத வேகங்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். மச்சான் கொண்டுவந்த பல்ஸ் ஜெனரேட்டரில் 47.5 ஹெர்ட்ஸ் கொடுத்தோம். மோட்டாரே இல்லாமல் அதே தாவல்.

கரண்ட் கதையும் பொய். கிரிட் (மின்கட்டமைப்பு) அதிர்வெண் 49.90-லிருந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எல்லை முழுக்க ஆடினாலும் இரண்டு போல் (காந்தத் துருவம்) உள்ள மோட்டாரில் 9 ஆர்.பி.எம். தான் மாறும். விநாடிக்கு விநாடி 60 தாவாது.

மீட்டர் பொருத்தியவரிடம் இதைச் சொன்னதும் அவர் ஆள் அனுப்பினார். ஒரு ஸ்க்ரூவுக்குப் பதில் கப்ளிங்கின் ஆறு போல்ட்டையும் சென்சார் பார்க்கும்படி திருப்பி வைத்து, மீட்டரில் ஏதோ எண்ணை மாற்றிவிட்டுப் போனார் அந்தத் தம்பி. 2840, 2860 என்று நெருக்கமாகக் காட்டியது. நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலைக்காக வி.எஃப்.டி.யை (மோட்டாருக்குப் போகும் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் கருவி) 25 ஹெர்ட்ஸில் வைத்து ஓட்டினோம். பாதி வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு மீட்டர் 2960 காட்டியது.

இதை மோசடி என்றே சொல்வேன். அந்தச் சென்சாரின் டேட்டா ஷீட்டில் ஸ்விட்சிங் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 200 பல்ஸ் வரைதான் பிடிக்கும். 2850-ல் ஆறு போல்ட் என்றால் விநாடிக்கு 285 பல்ஸ். தாங்காமல் பாதியைத்தான் பிடித்திருக்கிறது. சென்சாரை மாற்றுவதற்குப் பதில், ஒரு சுற்றுக்கு 6 பல்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் 3 என்று போட்டு, எண்ணைச் சரியாக வரவழைத்திருக்கிறார்கள். வேகம் குறைந்ததும் சென்சார் ஆறையும் பிடித்துவிட்டது. அதனால் இரண்டு மடங்கு காட்டியது.

மச்சான் பழைய ஒற்றை ஸ்க்ரூவையே வைத்து, வேறு சென்சாரும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் போட்டுக் கொடுத்தார். அது பல்ஸை எண்ணுவதோடு நிற்பதில்லை. ஒரு பல்ஸிலிருந்து அடுத்த பல்ஸுக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கிறது. 2850-ல் ஒரு சுற்றுக்கு 21,053 மைக்ரோவிநாடி. அதில் ஒரு மைக்ரோவிநாடி தவறினால்கூடப் பிழை 0.14 ஆர்.பி.எம். தான். பல போல்ட் வைத்து அளப்பவர்கள் கவனியுங்கள்: போல்ட் இடைவெளிகள் ஒன்றுபோல் இருக்காது. போல்ட்டுக்குப் போல்ட் அளந்தால் வேகம் நடுங்குவது போலத் தெரியும். ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். சென்சார் வயரை வி.எஃப்.டி. கேபிளோடு சேர்த்துக் கட்டினாலும் இல்லாத பல்ஸ் ஏறிவிடும்.

பல்ஸ் ஜெனரேட்டர் இல்லாதவர்களுக்கு மீட்டரைச் சோதிக்க ஒரு வழி. மோட்டாரைக் கப்ளிங்கிலிருந்து கழற்றி, ஷாஃப்ட் முகத்தில் மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். வி.எஃப்.டி. இல்லாமல் நேர் லைனில் ஓடவிட்டு, பழைய சோக் போட்ட டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் தள்ளி நின்று பாருங்கள். அந்த லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். எதிரெதிராக இரண்டு கோடு தெரியும், இரண்டும் மெதுவாகப் பின்னோக்கி நகரும். ஒரு கோடு நிமிடத்துக்கு எத்தனை முழுச் சுற்றுப் பின்னால் போகிறதோ, அத்தனை ஆர்.பி.எம். 3000-க்குக் கீழே ஓடுகிறது. கிரிட் சரியாக 50 ஹெர்ட்ஸில் இல்லாவிட்டால் சில ஆர்.பி.எம். முன்பின் இருக்கும், ஆனால் 60 தாவும் மீட்டரைப் பிடிக்க இது போதும். கோடு நின்றதுபோலத் தெரிகிறதே என்று யாரும் கிட்டே கை கொண்டு போய்விடாதீர்கள்.

மீட்டர் பொருத்தியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை பேசினேன். இப்போது போனை எடுப்பதில்லை. அந்த மீட்டரை நம்பி அனுப்பிய பம்புகள் 11. ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்து டெஸ்ட் செய்கிறோம். இதுவரை நான்கு முடிந்தது. இரண்டில், நேம்பிளேட்டில் நாங்கள் அடித்துக் கொடுத்த ஹெட் வரவில்லை. இரண்டுக்கும் இம்பெல்லரை மாற்றிக் கொண்டிருக்கிறேன்.