லுவாரா, தோர்தோனா? ரோட் பைக்கில் பிரெஞ்சுக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பிரெஞ்சுக்காரர்களுக்கு எல்லாமே 'ஷாத்தோ'தான். ராஜா வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகையும் ஷாத்தோ, எதிரி ஏறி வர முடியாதபடி பாறை உச்சியில் கட்டிய காவல் அரணும் ஷாத்தோ. தமிழில் நமக்கு அரண்மனை வேறு, கோட்டை வேறு. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக நினைப்பவர் இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். அரண்மனையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் சமதரையில் கட்டுவார்கள், கோட்டையை உச்சியில் கட்டுவார்கள். தொடைகளுக்கு இரண்டும் ஒன்றல்ல.

பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கம் இரண்டு முறை, தோர்தோன் ஆற்றுப் பக்கம் ஒரு முறை ஒரு முழு வாரம் ஓட்டியிருக்கிறேன். "எது நல்லது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லுவார். ஆங்கிலேயரோடு நடந்த நூறாண்டுப் போரில் பாரிஸ் கைவிட்டுப் போனபோது பிரெஞ்சு அரசகுலம் தெற்கே இந்த ஆற்றங்கரைக்கு வந்து தங்கியது. 1429ல் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற விவசாயப் பெண் அந்தக் குலத்து ஏழாம் சார்லஸைச் சந்தித்தது இங்கே ஷினோன் கோட்டையில்தான். போர் ஓய்ந்த பிறகும் ராஜாக்களுக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது. இத்தாலிக்குப் படையெடுத்துப் போய் வந்தவர்கள் அங்கே பார்த்த கட்டடக் கலையையும் தோட்டக் கலையையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆக, இங்கே நீங்கள் பார்க்கும் பெரும்பாலானவை பயம் தெளிந்த பிறகு கட்டியவை: பெரிய ஜன்னல்கள், பூந்தோட்டங்கள், வெள்ளைவெளேர் என்ற துஃபோ கல். அந்தக் கல்லை விரலால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி மாவு ஒட்டும், அவ்வளவு மிருது. முற்றுகை வரும் என்று நினைப்பவர் அதில் மாளிகை கட்டமாட்டார்.

ஷாம்போர் மாளிகைக்குச் சைக்கிளில் போவது தனி அனுபவம். 5,440 ஹெக்டேர் காடு, அதைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். மதிலில் ஒரு வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும் கோடு போட்டமாதிரி நேரான சாலை, இருபுறமும் மரங்கள், மான் குறுக்கே வரலாம் என்று எச்சரிக்கைப் பலகை. கொஞ்ச தூரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் மரங்கள் விலகியதும் கூரைமேல் ஒரு குட்டி ஊரே நிற்கிற மாதிரி கோபுரமும் புகைபோக்கியுமாக அந்த மாளிகை எழும். 1519ல் முதலாம் பிரான்சுவா தொடங்கியது. உள்ளே ஒன்றையொன்று தொடாமல் பின்னி ஏறும் இரட்டைச் சுழற்படி: ஒரு படியில் ஏறுபவரும் மற்ற படியில் இறங்குபவரும் சுவரில் உள்ள திறப்புகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், நேருக்கு நேர் முட்டிக்கொள்ள மாட்டார்கள். இத்தனையும் கட்டிய ராஜா தன் முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சியில் இங்கே தங்கியது மொத்தம் 72 நாள்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அங்கிருந்து மேற்கே போனால் புளுவா, அம்புவாஸ், தூர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அம்புவாஸில் லியோனார்டோ டா வின்சி தன் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்தார், 1519 மே 2 அன்று இறந்தார். இந்த வட்டாரத்தில் என் மனத்தில் நின்றது ஷெனோன்சோ. ஷேர் ஆற்றின் மேல் பாலம் போலப் படுத்திருக்கும் மாளிகை அது. முதல் உலகப் போரில் அந்த நீண்ட கூடம் ராணுவ மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடு: வடகரை ஜெர்மானியர் பிடியில், தென்கரை அவர்கள் பிடிக்கு வெளியே. கூடத்தின் தெற்குக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம், போனவர்களும் உண்டு. அந்தக் கதவருகே நின்றால் வெளியே தெரிவது வெறும் மரங்கள்தான். நான் அங்கே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? இங்கேதான் ரோட் பைக் (மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள்) வைத்திருப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லவேண்டும். 'லுவார் ஆ வேலோ' என்ற பெயர்பெற்ற பாதை நெவேர் நகருக்குப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர். பலகைகள் அருமை, வழி தப்பவே முடியாது. ஆனால் அது ரோட் பைக்குக்காகப் போட்ட பாதை அல்ல. நல்ல தார்ச்சாலை, ஆற்றங்கரை மேட்டுச்சாலை, நடுநடுவே அழுத்திய மணல், ஜல்லி, பழைய ஊர்களுக்குள் கல்பாவிய தெரு என்று மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் இருக்கும், அவர்களுக்கு மத்தியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக நினைப்பது நியாயமில்லை. 25 மி.மீ. டயரோடு போன முதல் முறை கை மரத்துப்போய், இரண்டாம் நாளே ஒரு ட்யூப் போனது. அடுத்த முறை 32 போட்டுக்கொண்டு போனேன், வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் காற்று. மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வீசுவதுதான் இங்கே வழக்கம். ஆறு ஓடும் திசையிலேயே போவோம், இறக்கமாக இருக்கும் என்று நினைத்து ஓர்லியானில் தொடங்கி மேற்கே போகிறவர்கள் நாள் முழுக்க எதிர்க்காற்றில் மிதிப்பார்கள். அந்த இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது, காற்று நன்றாகத் தெரியும். மேற்கே உள்ள சோமூரில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். காற்று என்ன செய்யும் என்பதற்கு 2015 பாரிஸ்-தூர் சைக்கிள் பந்தயமே சாட்சி: பெரும்பாலும் சமதரை, முதுகில் காற்று, மத்தேயோ திரெந்தின் மணிக்கு 49.6 கி.மீ. சராசரியில் ஜெயித்தார்.

ரோட் பைக்தான் என்றால் பலகை போட்ட பாதையைவிட்டு ஷேர், ஆந்த்ர் ஆகிய ஆறுகளுக்கு நடுவே உள்ள சின்னச் சாலைகளில் இறங்கிவிடுங்கள். லோஷ் வரை போய்வரலாம். அங்கே நிற்பது பதினோராம் நூற்றாண்டின் பிரம்மாண்டமான கல்கோபுரம், 36 மீட்டர் உயரம். அது அசல் கோட்டை. லுவார் பக்கம் எல்லாமே வேட்டை மாளிகை என்ற எண்ணம் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததும் போய்விடும்.

இப்போது தோர்தோன். நூறாண்டுப் போரில் இந்த ஆறுதான் பல காலம் இரு தரப்புக்கும் நடுவே ஓடியது. வடகரையில் பெய்னாக் கோட்டை, பிரெஞ்சு ராஜா பக்கம். தென்கரையில் கஸ்தெல்னோ கோட்டை, பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம்; 1442ல்தான் அது முடிவாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இரண்டும் கண்ணுக்குக் கண் தெரியும் தூரத்தில் நிற்கின்றன. புத்தகத்தில் படித்தால் இது வெறும் தகவல். சைக்கிளில் போனால் உடம்புக்கே புரியும். கஸ்தெல்னோவுக்கு ஏறி, மூச்சு வாங்க, பெடலில் மாட்டும் கிளீட் ஷூவோடு கல்படியில் சறுக்கிவிடாமல் சுவரைப் பிடித்தபடி மேலே போய் நின்றால் எதிரே பெய்னாக் தெரியும், நடுவே ஆறு, இரு கரையிலும் வயல்கள். கீழே யார் வந்தாலும் போனாலும் தப்பாது. இங்கே ஏன் கட்டினார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏறி வந்த கால்களுக்குத் தெரியும். பேருந்தில் வந்து இறங்கியிருந்தால் எனக்கு இது இவ்வளவு உறைத்திருக்குமா, தெரியவில்லை. முற்றத்தில் கல்லெறி இயந்திரங்களை முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள், அவற்றைப் பார்த்துவிட்டுச் சுவரின் கனத்தைப் பாருங்கள்.

பெய்னாக்கில் ஒரு விஷயம்: ஊருக்குள்ளிருந்து கோட்டைக்கு ஏறும் சந்து கல்பாவியது, கொடூரமான செங்குத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகமுடியும். பின்பக்கமாகச் சுற்றி வரும் தார்ச்சாலை இருக்கிறது, சில கிலோமீட்டர் கூடுதல், அதில் ஏறுங்கள். தோம் என்ற குன்று ஊரும் அப்படித்தான். 1281ல் மூன்றாம் பிலிப் நிறுவிய மதில் சூழ்ந்த ஊர். ஏற்றம் நீளமில்லை, ஆனால் விடாமல் ஏறும். மேலே ஊர்வாசல் கோபுரத்தில், 1307க்குப் பிறகு சிறைவைக்கப்பட்ட டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர் சங்கத்து வீரர்கள் சுவரில் கீறிய சிலுவைகள் இன்னும் இருக்கின்றன. மலைவழி என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை, ஒவ்வொரு ஏற்றமும் சிறியதுதான். ஒரு நாளில் எட்டு ஒன்பது வரும், அதுதான் ஆளைச் சாய்ப்பது. பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியில் (கேசட்) பெரியது 32 பல் உள்ளதாக இருந்தால் நிம்மதி.

கோட்டை மட்டுமில்லை. மிலாந்து மாளிகையைப் பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசபின் பேக்கர் 1947ல் வாங்கி, தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தார், கடனில் அதை இழந்தார். 2021ல் அவரைப் நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸின் பாந்தியோனில் சேர்த்துக் கௌரவித்தார்கள். வடக்கே வெசேர் பள்ளத்தாக்குக்குப் போனால் காலம் இன்னும் பின்னால் ஓடும். ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள, 1940ல் கண்டெடுத்த லாஸ்கோ குகையை, மக்கள் மூச்சுக்காற்றில் ஓவியம் கெடுகிறதென்று 1963ல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது நகல், அதுவும் அற்புதம். அசல் வேண்டுமென்றால் லேசெய்ஸி ஊரிலுள்ள ஃபோன்-த-கோம் குகை. ஒரு நாளைக்குக் கொஞ்சப் பேரைத்தான் விடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

தோர்தோனின் குறையையும் சொல்லவேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றோரப் பெரிய சாலை வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே ஒடுங்கிய சாலையில் வரிசையாகக் கேம்பர் வண்டிகள் (உள்ளேயே தங்கி உறங்கும் பெரிய வண்டிகள்). அவற்றின் கண்ணாடி தோளை உரசும் அளவுக்கு வரும். குன்றுமேல் உள்ள சின்னச் சாலைகள் காலியாக இருக்கும், ஆனால் அவை ஏறி இறங்கும் சாலைகள். சார்லா ஊரிலிருந்து பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், கால் ஓய்ந்த நாளுக்கு அது போதும்.

சாப்பாட்டில் சைவக்காரருக்கு லுவார் மேல். நடுவே வைக்கோல் தண்டு செருகிய ஆட்டுப்பால் சீஸ் கிடைக்கும், ரொட்டியோடு வைத்தால் ஒரு வேளை ஓடிவிடும். தோர்தோனில் பார்க்கும் இடமெல்லாம் வாத்து. ஆம்லெட்டும் வால்நட் கேக்கும்தான் எனக்குக் கைகொடுத்தன. இரண்டு இடத்திலும் மதியம் 12க்குக் கடை மூடினால் இரண்டு மணிநேரம் திறக்காது. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டங்களைத் தேடுங்கள், பெரும்பாலானவற்றில் குழாய் இருக்கும், குடிக்க ஆகாது என்று பலகை இல்லையென்றால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

போய்ச் சேருவது லுவாருக்குச் சுலபம். பாரிஸிலிருந்து வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், கோடையில் சில தடங்களுக்கு இடம் பதியவேண்டும். தோர்தோனுக்கு அதிவேக ரயிலில் போர்தோ போய், அங்கே சார்லா ரயிலுக்கு மாறவேண்டும். அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவது தொல்லையில்லாத வழி.

இது இரண்டும் போதாது என்பவர்களுக்கு ஓத் மாவட்டத்தில் பெய்ர்பெர்த்தூஸ், கெரிபூஸ் போன்ற கோட்டைகள் உண்டு. 1659ல் ஸ்பெயினுடனான எல்லை பிரெனே மலைக்கு நகரும்வரை அவைதான் பிரான்சின் தெற்கு எல்லைக் காவல். ஏற்றமும் காற்றும் அங்கே வேறு ரகம், புதியவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

என் முடிவு இதுதான். முதல் நீண்ட பயணம், கூட மனைவியோ பிள்ளைகளோ வருகிறார்கள், பை கட்டிய சைக்கிள் என்றால் யோசிக்காமல் லுவார். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ ரோட் பைக்கில் போகிறீர்கள் என்றால் தோர்தோன். சார்லாவிலேயே ஐந்து நாள் அறை எடுத்துக்கொண்டு தினம் ஒரு பக்கம் சுற்றிவிட்டு வாருங்கள், சுமை தூக்கவேண்டாம். செப்டம்பர் கடைசி வாரம் நல்ல நேரம், கேம்பர் வண்டிகள் குறைந்திருக்கும். அப்போது வால்நட் உதிரத் தொடங்கியிருக்கும், தோப்புகளை ஒட்டிய வளைவுகளில் சாலையில் கிடக்கும் காய்களைப் பார்த்து இறங்குங்கள்.