தலைக்காயத்துக்குப் பின் மறுவாழ்வு: கிருஷ்ணகிரியில் ஒரு மையம்

தலையில் அடிபட்டு உயிர் தப்பியவரை அடுத்து எங்கே சேர்ப்பது என்று தேடும் குடும்பங்களுக்காக, என் தம்பி கிருஷ்ணகிரி நகரில் சிகிச்சை பெற்ற மறுவாழ்வு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

தொப்பூர் கணவாயில் வண்டியிலிருந்து விழுந்த அவனுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் காயம். மருத்துவமனையில் சேர்த்தபோது சுயநினைவு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் கிளாஸ்கோ கோமா அளவு 7 என்று குறித்திருந்தார்கள். 3 முதல் 15 வரையிலான அந்த அளவில் 8-உம் அதற்குக் கீழும் இருந்தால் கடுமையான காயம் என்று பொருள். பெங்களூரில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியபோது மெல்ல நடந்தான். ஆனால் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லை, யாராவது எழுப்பிவிடாமல் குளிக்கப் போவதில்லை, சிறிய மறுப்புக்கும் தட்டை வீசினான். உறவினர்கள் அதைத் திமிர் என்றார்கள்.

நாங்கள் முன்பு பார்த்த இடங்களில் கையையும் காலையும் மட்டுமே சோதித்தார்கள். இந்த மையத்தில் முதல் நாளே அம்மாவை உட்காரவைத்து, அவனுடைய கோபம், தூக்கம், மறதி பற்றி நெடுநேரம் கேட்டார்கள். தானாக ஒரு வேலையைத் தொடங்குவதும் எழும் கோபத்தை அடக்குவதும் மூளையின் அந்த முன்பகுதியைச் சார்ந்தவை என்றும், அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்றும் தெலுங்கில் விளக்கினார்கள். தமிழைவிடத் தெலுங்கில்தான் அம்மாவுக்கு எல்லாம் தெளிவாகப் புரியும். கட்டணம் முழுவதற்கும் அந்த ஒரு உரையாடலே தகும் என்பது என் கருத்து, ஏனென்றால் அன்று முதல் வீட்டில் அவனை யாரும் திட்டவில்லை.

அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் செயல்வழிச் சிகிச்சையாளரின் பணியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். தம்பி மாங்காய் மண்டியில் எடை போட்டுக் கணக்கு எழுதியவன் என்று அறிந்ததும், பலகையில் குச்சி சொருகும் பயிற்சியைக் குறைத்து, தராசும் சீட்டும் வரவழைத்தார். பெங்களூரா, செந்தூரா என்ற மாங்காய் வகைகளைத் தனித்தனியாகப் பிரிப்பது, எடையைக் குறிப்பது, தொகையைக் கூட்டுவது என்று ஒவ்வொரு படியாக ஏற்றினார். நினைவுக்காகச் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடும் கைபேசியில் அலாரமும் வைக்கப் பழக்கினார். காயம்பட்ட மூளை விரைவில் களைத்துவிடும் என்பதால் களைப்பு தெரிந்த உடனே நிறுத்திவிடுவார். நேரத்தை நிரப்புவதற்காக அவனைப் பிழிந்தெடுத்ததில்லை.

குறைகள் சிறியவை அல்ல. பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் சனிக்கிழமை மட்டுமே வருகிறார். விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு உணவு நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் இருப்பதால், அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்கச் சொல்வது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. மனநல ஆலோசகர் இல்லை. ரசீதில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவதும் இல்லை, கேட்டபின்தான் தந்தார்கள்.

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும், ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடரலாம் என்று தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொன்னார்கள். முழுமையாகக் குணமாக்குவோம் என்று வாக்குக் கொடுக்காததும் எனக்குப் பிடித்திருந்தது. வீடு திரும்பும்போது வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்று எழுதிக் கொடுத்ததோடு, 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பார்கள் என்ற தகவலையும் தந்தார்கள். தொலைவிலுள்ள கிராமத்தாருக்கு அது பெரிய உதவி.

ஓரளவு நடக்கவும் தானாக உண்ணவும் முடிந்து, மறதியும் கோபமும் மிஞ்சியிருப்பவருக்கு இந்த மையத்தைத் தயங்காமல் சொல்வேன். கழுத்தில் சுவாசக் குழாயோடு இருப்பவரையோ மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவரையோ இங்கே சேர்க்க வேண்டாம். இரவில் ஒரே ஒரு செவிலியர்தான் இருக்கிறார்.